யுபிசாஃப்ட் தொடர்களை யாரிடம் கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூர் தேக்கா உணவங்காடி நிலையத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவது வழக்கம். வேலை, பிள்ளைகளின் தேர்வு, வீவக வீட்டுப் புதுப்பிப்பு எல்லாம் பேசி முடிந்ததும் பேச்சு எப்படியும் கேமுக்கு வந்து சேரும். சில மாதங்களாக எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வாய்த்திருக்கிறது. ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு வீடியோ கேம் நிறுவனத்தின் விளையாட்டுத் தொடர்களையும் வலப்பக்கம் அவற்றை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதையும் எழுதுகிறோம், அடிக்கிறோம், மறுபடி எழுதுகிறோம். தே தாரிக் கறை படிந்த அந்தத் தாளைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும் எங்களுக்குள் மூண்ட வாக்குவாதங்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். தீர்ப்புகள் என்னுடையவை, மேசையில் இருந்த அனைவரும் அவற்றை ஏற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம்.

யுபிசாஃப்ட் விற்பனைக்கு வந்துவிட்டதா?

இல்லை. 1986இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த கில்லமோ சகோதரர்கள் ஐவர் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களில் ஒருவரான ஈவ் கில்லமோ இன்னும் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார். 2015 முதல் விவெண்டி என்ற பிரெஞ்சு ஊடக நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்து அதைக் கைப்பற்றப் பார்த்தபோது, குடும்பம் மூன்று ஆண்டுகள் எதிர்த்து நின்று 2018இல் விவெண்டியை வெளியேற வைத்தது. அந்தப் பங்குகளில் ஒரு பகுதியை வாங்கி உள்ளே வந்ததுதான் சீனாவின் டென்சென்ட்.

பிறகு 2022இல் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் டென்சென்ட் 300 மில்லியன் யூரோ போட்டது. 2025 மார்ச்சில் அதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று அறிவிக்கப்பட்டது: அசாசின்ஸ் கிரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்று தொடர்களையும் தனித் துணை நிறுவனமாக்கி, அதில் ஏறத்தாழ 25 விழுக்காட்டை 1.16 பில்லியன் யூரோவுக்கு டென்சென்ட் எடுத்துக்கொண்டது. வான்டேஜ் ஸ்டூடியோஸ் என்று அந்தத் துணை நிறுவனத்துக்குப் பெயர். ஆக, முழு வீடும் விற்பனைக்கு வரவில்லை. முன்கூடத்தில் மட்டும் கால்வாசி கைமாறியிருக்கிறது. மற்ற அறைகளுக்கு யார் வரலாம் என்று யோசிப்பது அப்போதிருந்துதான் வெறும் வம்பாக இல்லாமல் போயிற்று.

இவ்வளவு புகழ்பெற்ற தொடர்கள் இருந்தும் நிறுவனம் ஏன் தடுமாறுகிறது?

ஒரே காரணம் என்று சொல்வதற்கில்லை. 2018இல் 100 யூரோவைத் தாண்டியிருந்த பங்கு விலை அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. ஒரே அச்சில் வார்த்த பெரிய திறந்தவெளி விளையாட்டுகள் வரிசையாக வந்தன. வரைபடம் முழுக்கச் சின்னங்கள், ஏறுவதற்குக் கோபுரங்கள், பிடிப்பதற்கு முகாம்கள். ஒவ்வொன்றுக்கும் பல நாடுகளில் உள்ள ஸ்டூடியோக்கள் சேர்ந்து உழைத்ததால் செலவும் ஏறியது. இணையச் சேவை விளையாட்டுகளில் வைத்த பந்தயமும் பலிக்கவில்லை; 2024 மே மாதம் வெளிவந்த எக்ஸ்டிஃபையன்ட் 2025 ஜூனில் மூடப்பட்டது.

2026 ஜனவரியில் நிறுவனம் தன் தொடர்களை ஐந்து பிரிவுகளாகப் பிரிப்பதாகவும் ஆறு விளையாட்டுகளைக் கைவிடுவதாகவும் அறிவித்தபோது பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இதில் எனக்கு விளங்காத வேடிக்கை ஒன்று உண்டு. 2025 மார்ச் ஏற்பாட்டில் அந்த மூன்று தொடர்களுக்கு மட்டும் போடப்பட்ட மதிப்பு ஏறத்தாழ 4 பில்லியன் யூரோ. அன்றைக்குப் பங்குச் சந்தை முழு நிறுவனத்துக்கும் போட்ட மதிப்பு அதில் பாதியைச் சுற்றித்தான் இருந்தது. தென்னந்தோப்பைவிட அதில் நிற்கும் மூன்று மரங்களுக்கு விலை அதிகம் என்றால், தோப்புக்காரர்மீது சந்தைக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு தொடரை வாங்குவது என்றால் உண்மையில் எதை வாங்குகிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் எங்கள் மேசையில் முதலில் யாருமே கேட்கவில்லை. பெயரை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறி போட்டு நகர்த்துவது சுலபம். ஆனால் ஒரு தொடர் என்பது பல பொருள்கள் கட்டிய மூட்டை. பெயரும் வணிக முத்திரையும் ஒன்று. கதை, பாத்திரங்கள், இசை ஆகியவற்றின் பதிப்புரிமை இன்னொன்று. பழைய விளையாட்டுகளின் மூல நிரல் மூன்றாவது. அந்த நிரல் ஓடும் எஞ்சின், அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், நான்காவது. அது பெரும்பாலும் அந்தத் தொடருக்கு மட்டும் சொந்தமானதாக இருக்காது. அசாசின்ஸ் கிரீடும் ரெயின்போ சிக்ஸ் சீஜும் ஆன்வில் எஞ்சினில் ஓடுகின்றன. தி டிவிஷன் என்ற இன்னொரு தொடர் ஓடும் ஸ்னோட்ராப் எஞ்சின் சுவீடனின் மால்மோ நகரிலுள்ள மாசிவ் ஸ்டூடியோவில் பிறந்தது. தொடரை மட்டும் விற்று எஞ்சினை வைத்துக்கொண்டால், வாங்கியவர் கையில் இருப்பது சமையல் குறிப்பு. அடுப்பு பழைய வீட்டிலேயே இருக்கும்.

ஐந்தாவது, எந்த ஒப்பந்தத்திலும் எழுதி விற்க முடியாதது: அதை உருவாக்கத் தெரிந்த மனிதர்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு டிஎச்கியூ நிறுவனத்தின் ஏலம். 2012 டிசம்பரில் நொடித்துப்போன அந்த அமெரிக்க வெளியீட்டு நிறுவனத்தின் உடைமைகள் 2013 ஜனவரியில் துண்டு துண்டாக ஏலம் போயின. ரெலிக் ஸ்டூடியோவை சேகா 26.6 மில்லியன் டாலருக்கு எடுத்தது. ஆனால் அதே ரெலிக் உருவாக்கிய ஹோம்வேர்ல்ட் தொடரின் பெயரோ தனியாகப் பிரிந்து 1.35 மில்லியன் டாலருக்கு கியர்பாக்சிடம் போனது. தாய் ஒரு வீட்டில், பிள்ளை ஒரு வீட்டில். ரெலிக்கிலிருந்து முன்பே விலகியவர்கள் தொடங்கிய பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் ஸ்டூடியோ பின்னர் அந்தப் பெயருக்கு உரிமம் பெற்று 2016இல் டெசர்ட்ஸ் ஆஃப் கராக் விளையாட்டையும் 2024இல் ஹோம்வேர்ல்ட் 3ஐயும் வெளிக்கொண்டுவந்தது. டார்க்சைடர்ஸ் தொடரிலும் இதே கதைதான். அதை உருவாக்கிய விஜில் ஸ்டூடியோவை ஏலத்தில் எடுக்க ஆளில்லை. பெயரை மட்டும் நோர்டிக் கேம்ஸ் வாங்கியது. மூன்றாம் பாகம் 2018இல் வந்தபோது அதை உருவாக்கிய கன்ஃபயர் கேம்ஸில் இருந்தவர்கள் பழைய விஜில்காரர்கள்.

ஆகவே எங்கள் தாளில் நான் ஒரு விதி வைத்தேன். யாரிடம் பணம் இருக்கிறது என்று எழுதக் கூடாது. அந்தப் பெயருடன் அதை உருவாக்கத் தெரிந்தவர்களையும் யார் வைத்துக் காப்பாற்றுவார் என்று எழுத வேண்டும். இந்த விதியை நண்பர்கள் அரை மணி நேரம் கடைப்பிடித்தார்கள்.

பழைய தொடர் என்ன விலை போகும்?

நீங்கள் நினைப்பதைவிட மலிவாகவும் போகலாம். 2003இல் த்ரீடிஓ நிறுவனம் நொடித்தபோது மைட் அண்ட் மேஜிக் தொடரை யுபிசாஃப்ட் 1.3 மில்லியன் டாலருக்கு வாங்கியது. டிஎச்கியூ ஏலத்திலும் சவுத் பார்க் விளையாட்டை ஏறத்தாழ 3.3 மில்லியன் டாலருக்கு எடுத்தது யுபிசாஃப்ட்தான். அடுத்தவர் வீட்டு ஏலத்தில் நல்ல பாத்திரங்களைப் பொறுக்கியவர் அது. 2022இல் டூம் ரெய்டர், டியூஸ் எக்ஸ் ஆகிய தொடர்களையும் அவற்றோடு மூன்று ஸ்டூடியோக்களையும் எம்ப்ரேசர் குழுமம் 300 மில்லியன் டாலருக்கு வாங்கியபோது பலர் வியந்தார்கள். அதே எம்ப்ரேசர் ஓராண்டுக்குள் பணமுடையில் சிக்கி, செயின்ட்ஸ் ரோ தொடரை உருவாக்கிய வோலிஷன் ஸ்டூடியோவை 2023 ஆகஸ்டில் மூடியது. மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கிக் குவிப்பவரிடம் எந்தத் தொடரையும் கொடுக்க மாட்டேன்.

அசாசின்ஸ் கிரீடுக்கு நல்ல உரிமையாளர் யார்?

யாரும் இல்லை, இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். 2007இல் தொடங்கிய இந்தத் தொடரின் பெரிய பாகங்களைப் பல கண்டங்களில் உள்ள ஸ்டூடியோக்கள் பகுதி பகுதியாகச் செய்கின்றன. அந்த வலைப்பின்னலைப் பிரித்தால் வாங்கியவருக்கு ஒரு சின்னமும் மறைகத்தியும் மிஞ்சும். இத்தொடரைப் பிரிப்பது நிறுவனத்தையே பிரிப்பதற்குச் சமம்.

ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ்?

ஃபார் க்ரை என் விதிக்கு எதிராகச் சாட்சி சொல்லும் தொடர் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். முதல் பாகத்தை 2004இல் உருவாக்கியது ஜெர்மனியின் கிரைடெக். 2006இல் முழு உரிமையும் யுபிசாஃப்டுக்கு வந்தது; கிரைடெக் தன் வழியே போய் கிரைசிஸ் செய்தது. உருவாக்கியவர்கள் இல்லாமலேயே 2012இல் வந்த மூன்றாம் பாகம்தான் இன்று ஃபார் க்ரை என்றதும் நினைவுக்கு வரும் வடிவத்தைத் தந்தது. மேசையில் எனக்கு எதிராக இதை எடுத்து வைத்த நண்பருக்கு அன்றைய தே தாரிக் என் செலவு.

ரெயின்போ சிக்ஸ் சீஜ் வேறு வகை. 2015 டிசம்பரில் சுமாராகத் தொடங்கி, ஆண்டுக்கணக்கான செப்பனிடலால் நிலைபெற்ற போட்டி விளையாட்டு அது. இத்தகைய விளையாட்டை நீண்ட காலம் உயிருடன் வைத்திருக்கும் அனுபவம் டென்சென்டிடம் உண்டு; லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் செய்யும் ரயட் அதன் கையில்தான் இருக்கிறது. சீஜ் முழுவதும் அங்கே போனாலும் நான் அழ மாட்டேன்.

ஸ்ப்ளின்டர் செல் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

ஏனென்றால் இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது, அதுவும் ஒரே பதில்: கோபன்ஹேகனின் ஐஓ இன்டராக்டிவ். இருட்டில் பதுங்கி நகரும் உளவாளியின் தொடர் இது; 2002இல் வந்த முதல் பாகத்தை விளையாடியவர்களுக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் ஒரு சிறு ஒளிமானி இருக்கும். ஒரு விளக்கைச் சுட்டு அணைத்ததும் அதன் முள் நகரும். இருட்டில் பச்சை நிறத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் ஒளிரும். வெளிச்சத்தை ஒரு பொருளாகக் கையாண்டது அந்த விளையாட்டு. 2013இல் வந்த பிளாக்லிஸ்டுக்குப் பிறகு புதுப் பாகம் எதுவும் வரவில்லை. முதல் பாகத்தை மீளுருவாக்குவதாக 2021 டிசம்பரில் அறிவித்தார்கள்.

ஐஓவை நான் ஏற்பதற்குக் காரணம் அது ஹிட்மேன் என்ற பதுங்கித் தாக்கும் தொடரைச் செய்கிறது என்பது மட்டுமில்லை. 2017இல் அப்போதைய உரிமையாளரான ஸ்கொயர் எனிக்ஸ் அந்த ஸ்டூடியோவைக் கைவிட முடிவு செய்தபோது, நிர்வாகத்தினரே அதை வாங்கி, ஹிட்மேன் உரிமையையும் கேட்டுப் பெற்றார்கள். 2021இல் மூன்றாம் பாகத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். பெயரும் ஆட்களும் பிரியாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களே சான்று. தயக்கமும் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டையும் அவர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஒரே சமையலறையில் இரண்டு உளவாளிகளுக்கு இலை போட இயலுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை யாரிடம் கொடுப்பீர்கள்?

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் தாள் கிழிந்தது.

ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த விளையாட்டு இது. தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விட்டுப் படம்பிடித்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அதனால்தான் அவன் ஓடி வந்து நிற்கும்போது சட்டென்று நிற்காமல் ஓரடி சறுக்கி நிற்பான். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடல் கனக்கும். தொண்ணூறுகளில் அண்டை வீட்டு அண்ணன் கணினியில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது, முள்படுக்கையில் விழாமல் ஒரு திரையைக் கடப்பதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. 2003இல் யுபிசாஃப்ட் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் கத்தியோடு இளவரசனை மீட்டது. அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய ஒரு முயற்சிதான் திசைமாறி அசாசின்ஸ் கிரீட் ஆனது. மகன் வளர்ந்து தந்தையின் வீட்டையே எடுத்துக்கொண்டான் என்று சொல்லலாம்.

அந்த 2003 விளையாட்டின் மீளுருவாக்கம் 2020இல் அறிவிக்கப்பட்டது. முதலில் அதன் பொறுப்பு இந்தியாவின் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம் இருந்தது. 2022இல் அது மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் கைவிடப்பட்ட ஆறு விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. இடையில் யுபிசாஃப்டின் மொன்பெல்லியே ஸ்டூடியோ 2024 ஜனவரியில் வெளியிட்ட தி லாஸ்ட் கிரவுன் விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும், எதிர்பார்த்த விற்பனை இல்லாததால் அந்தக் குழு கலைக்கப்பட்டது.

என் தீர்ப்பு: இதை விற்க வேண்டாம், உரிமம் கொடுத்தால் போதும். ஏற்கெனவே ஒரு முறை அப்படி நடந்திருக்கிறது. டெட் செல்ஸ் விளையாட்டுக்குத் தொடர்ந்து புதுப்பிப்புகள் செய்த ஈவில் எம்பயர் என்ற சிறிய பிரெஞ்சு ஸ்டூடியோ தி ரோக் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை உருவாக்கியது. நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் பெரிய விளையாட்டாக இருந்தால்தான் இளவரசன் பிழைப்பான் என்பதில்லை. அவனுக்குத் தேவை ஒரு சிறிய குழுவும் குதித்து இறங்கும்போது உடல் கனப்பதை உணர்ந்த ஒரு வரைகலைஞரும்.

ரேமன், ரேபிட்ஸ்?

நிண்டெண்டோ என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2017இல் யுபிசாஃப்டின் மிலான் ஸ்டூடியோ மரியோவையும் ரேபிட்ஸ் முயல்களையும் ஒரே விளையாட்டில் சேர்த்து வென்றது என்பதால் அது இயல்பான எண்ணம்தான். ஆயினும் நிண்டெண்டோ பிறர் பாத்திரங்களை வாங்குவது அரிது. அது ஸ்டூடியோக்களை வாங்கும்போதும் பல ஆண்டுகள் கூடவே வேலை செய்து பழகிய பிறகே வாங்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் மிலான் குழுவையும் முயல்களையும் சேர்த்து எடுப்பதில் பொருளிருக்கிறது. 1995 முதல் கையும் காலும் உடலோடு ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும் ரேமன் மொன்பெல்லியேக்காரர்களிடமே இருக்கட்டும்.

ஆனோ, மைட் அண்ட் மேஜிக் போன்ற கணினி விளையாட்டுகள்?

ஆனோவை நான் சற்றுப் பொறாமையோடு காப்பாற்ற நினைக்கிறேன். 1998இல் ஆனோ 1602 என்று தொடங்கிய இந்த நகர் கட்டும் தொடரின் ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 9 வரும்: 1503, 1701, 1404, 2070, 2205, 1800, 2025 நவம்பரில் வந்த 117 வரை. கூட்டுத்தொகைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் மீன்பண்டகசாலைக்கும் சோப்பு ஆலைக்கும் இடையிலான தூரத்துக்கும் மெனக்கெடுவார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள அந்தக் குழு ஐஓ போலத் தன்னையே வாங்கிக்கொள்ள முடிந்தால் அதுவே சிறந்தது. இல்லையேல் சுவீடனின் பாரடாக்ஸ். நுணுக்கமான உத்தி விளையாட்டுகளை ஆண்டுக்கணக்கில் விரிவாக்கி விற்று வாழும் நிறுவனம் அது. மைட் அண்ட் மேஜிக்கும் அங்கேயே போகலாம்.

ஜஸ்ட் டான்ஸ்?

யார் வாங்கினாலும் பிழைக்கும். 2009இல் நிண்டெண்டோவின் வீ விளையாட்டுச் சாதனத்துக்கு வந்த இந்த நடன விளையாட்டு, மற்ற எல்லோரும் அச்சாதனத்தைக் கைவிட்ட பிறகும் 2019 வரை ஆண்டுதோறும் அதற்காக வெளிவந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இசை நிறுவனங்களுடன் தனி ஒப்பந்தம் வேண்டும் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது.

ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ், அவதார் விளையாட்டுகளையும் பிரித்துக் கொடுக்கலாமா?

முடியாது. அவை வாடகை வீடுகள். சாவி டிஸ்னியிடம் இருக்கிறது.

ஸ்கல் அண்ட் போன்ஸ் சிங்கப்பூரில்தானே உருவானது? அதை இங்குள்ள நிறுவனம் வாங்கக் கூடாதா?

ஆம், யுபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோ 2008இல் தொடங்கப்பட்டது. நம்மவர்கள் பலருக்கு அது ஒன்-நார்த் வட்டாரத்து ஃபியூஷனோபோலிசில் உள்ள அலுவலகம் என்ற அளவில்தான் தெரியும். ஆனால் 2012இல் வந்த அசாசின்ஸ் கிரீட் 3இன் கடற்போர்களிலும் அடுத்த ஆண்டு வந்த பிளாக் ஃபிளாக் விளையாட்டிலும் இந்த ஸ்டூடியோவின் உழைப்பு உண்டு. பிளாக் ஃபிளாக்கில் ஒரு கணத்தை நினைத்துப் பாருங்கள். புயலில் எதிரே ஒரு பெரிய அலை எழும். சுக்கானைத் திருப்பிக் கப்பலின் முனையை அலைக்கு நேரே வைத்தால், அலை கப்பலைத் தூக்கி, ஒரு நொடி வானத்தைக் காட்டி, பின் கீழே அறையும். பக்கவாட்டில் வாங்கினால் மேல்தளம் முழுக்க நீர் புரளும். நடுவில் மாலுமிகள் பாடிக்கொண்டிருப்பார்கள். அலையின் உயரமும் கப்பலின் சாய்வும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும்படி செய்வது எளிய வேலையில்லை.

அந்தக் கடல் அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ஸ்கல் அண்ட் போன்ஸ். 2017இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடலைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. பெருஞ்செலவு விளையாட்டுகளுக்கு வழங்கும் ‘மூன்று ஏ’வையும் தாண்டி அதை ‘நான்கு ஏ’ தர விளையாட்டு என்று நிறுவனத் தலைவரே வருணித்தது இன்றுவரை கேலிப்பொருளாக இருக்கிறது. எனக்கு அந்த விளையாட்டின்மேல் பெரிய பிரியமில்லை. கப்பல் ஓட்டும்போது நன்றாகவும் கரையில் இறங்கியதும் வெறுமையாகவும் இருந்தது. ஆனால் அதன் அடியில் இருக்கும் நீர் இங்கே செய்த நீர்.

உள்ளூர் வாங்குபவர் என்றால் உடனே நினைவுக்கு வருவது ஃப்ரீ ஃபயர் வெளியிடும் கரீனாவின் தாய் நிறுவனமான சீ. அது 2020இல் கனடாவின் ஃபீனிக்ஸ் லேப்ஸ் ஸ்டூடியோவை வாங்கியது. 2023இல் அந்த ஸ்டூடியோ பிரிந்து தனியே போனது. கைப்பேசி விளையாட்டில் வென்ற நிறுவனத்துக்குப் பெரிய சாதன விளையாட்டுகள்மீது பொறுமை நீடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் தேர்வு வேறு: சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வர்டூஸ். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளில் கூட்டாக உழைப்பதே அதன் தொழில். 2025இல் வெளிவந்த, ஆப்லிவியன் என்ற பழைய விளையாட்டின் மீளுருவாக்கத்தில் அதன் பங்கு பெரியது. காலமெல்லாம் பிறர் பிள்ளைகளை வளர்த்த அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு கடற்கொள்ளைத் தொடர் இருந்தால் என்ன? இதைச் சொன்னபோது கணக்குத் தணிக்கைத் துறையில் வேலை பார்க்கும் நண்பர், “நஷ்டத்தை யார் தலையில் கட்டப் போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். கட்டத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்.

மைக்ரோசாஃப்டோ சோனியோ மொத்தமாக வாங்கிவிட்டால் சிக்கல் தீராதா?

68.7 பில்லியன் டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸர்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்க மைக்ரோசாஃப்ட் பட்ட பாட்டை நினைத்தால் இன்னொரு பெரிய கொள்முதலுக்கு இப்போதைக்கு அது துணியாது. பிரிட்டனின் போட்டி ஆணையத்தைச் சமாதானப்படுத்த, ஆக்டிவிஷன் விளையாட்டுகளின் மேகக் கணிமை உரிமையை 15 ஆண்டுகளுக்கு வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேறொருவர் யுபிசாஃப்ட்தான். சோனியோ பங்கி ஸ்டூடியோவை 2022இல் 3.6 பில்லியன் டாலருக்கு வாங்கிய பிறகு அங்கே இரண்டு முறை பெரிய ஆட்குறைப்பு நடந்தது. பணமுள்ள மற்றொருவர் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். 2025 செப்டம்பரில் இஏ என்ற விளையாட்டு நிறுவனத்தை 55 பில்லியன் டாலருக்கு வாங்கும் ஏற்பாட்டை அறிவித்த கூட்டணியில் அதுவும் இருக்கிறது. மொத்தமாக வாங்க வருபவருக்கு ஜஸ்ட் டான்சும் சீஜும் போதும். ஆனோவும் இளவரசனும் பெட்டிக்குள் போய்விடுவார்கள் என்பதே என் அச்சம்.

தொடர் கைமாறினால் நான் வாங்கி வைத்திருக்கும் விளையாட்டுகள் என்னவாகும்?

தனியாக விளையாடும் பழைய விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கடைப் பக்கத்தில் வெளியீட்டாளர் பெயர் மாறும், அவ்வளவுதான். சர்வர் இல்லாமல் இயங்காத விளையாட்டுகளில்தான் கவனம் வேண்டும். 2014இல் வந்த தி க்ரூ என்ற பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31ஆம் தேதி அணைக்கப்பட்டதும், வட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் அது திறக்கவில்லை. அதன் எதிரொலியாக எழுந்த ‘விளையாட்டுகளைக் கொல்லாதீர்’ இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. தி க்ரூ 2க்கு இணையம் இல்லாமல் ஓடும் முறையும் பின்னர் சேர்க்கப்பட்டது. புதிய உரிமையாளர் வந்தால் நான் முதலில் தேடிப் படிப்பது அடுத்த பாகத்தின் அறிவிப்பை இல்லை, பழைய பாகங்களின் சர்வர் பற்றிய வரியை.

என் மகள் பல்துறைத் தொழிற்கல்லூரியில் கேம் வடிவமைப்புப் படிக்கிறாள். இதெல்லாம் அவளுக்குக் கவலை தரும் செய்தியா?

கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஒரு தொடர் கைமாறும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களில் ஒரே வேலை நடக்கிறதா என்பதை. நடந்தால் ஓரிடம் மூடப்படும். ஆனால் மேலே சொன்ன பிளாக்பேர்ட், கன்ஃபயர், ஐஓ ஆகிய மூன்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். அவற்றில் உள்ளவர்களிடம் பெயர் இல்லாத நாள்கள் இருந்தன. வேலை தெரியாத நாள் இருந்ததில்லை. நடைமுறையில் ஒன்று சொல்வேன்: ஒரே நிறுவனத்தின் சொந்த எஞ்சினை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடாமல், அன்ரியல் போன்ற பொது எஞ்சின் ஒன்றிலும் தனக்கென்று ஒரு சிறு விளையாட்டை முடித்து வைத்திருக்கட்டும். பாதியில் நிற்கும் பத்தைவிட முடிந்த ஒன்றைத்தான் நேர்காணலில் திறந்து காட்ட முடியும்.

உங்கள் தாளில் இன்னும் காலியாக இருக்கும் கட்டம் எது?

பியாண்ட் குட் அண்ட் ஈவில். 2003இல் முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகத்தை 2008இல் அறிவித்தார்கள், 2017இல் மறுபடி அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே மிக அதிக ஆண்டுகள் காத்திருந்த பெரிய விளையாட்டு என்ற பெயர் டியூக் நியூகம் ஃபாரெவரிடம் இருந்தது. 2022இல் அதையும் இது முந்திவிட்டது. ஒவ்வொரு சந்திப்பிலும் யாராவது அந்தக் கட்டத்தில் ஒரு பெயரைப் பென்சிலால் எழுதுகிறார்கள், கிளம்புவதற்குள் இன்னொருவர் அழித்துவிடுகிறார். அந்த இடத்தில் தாள் இப்போது மெலிந்து, மறுபக்கம் தெரிகிறது.